அதுல்லாம் குகையும் விளமீன் குழம்பும்

கேம்ப் பாஸ் என்ற பட்டத்தில் பின்பாதியை நம்பி மோசம் போனவன் எழுதுவது இது. தொழிலாளர் கேம்ப் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமார் படிக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். தண்ணீர் லாரியை எப்படி விரட்டுவது, மூட்டைப்பூச்சிக்கு என்ன மருந்து அடிப்பது, குறட்டை விடுகிறவனை எந்த ரூமில் போடுவது என்பதெல்லாம் ஒரு மாதத்தில் உங்களுக்கே பழகிவிடும். அதற்கு நான் வேண்டியதில்லை. நான் சொல்ல வந்தது வாயைப் பற்றி. குறிப்பாக, டீ குடிக்கும்போது சும்மா திறக்கிற வாயைப் பற்றி.

எனக்குத் தூத்துக்குடிக்குத் தெற்கே கடற்கரை ஊர். வேலை பார்த்தது வளைகுடாவில், ஜெபல் அலி துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கேம்ப்பில். வாசலை ஒட்டி என் ஆபீஸ், இடுப்பில் பெரிய சாவிக்கொத்து. நான் நடந்தால் எனக்கு முன்னால் சாவிச் சத்தம் போகும். ரூமுக்குள் சமைக்கக் கூடாது என்பது கேம்ப் சட்டம். சத்தம் கேட்டதும் அடுப்புகள் எல்லாம் கட்டிலுக்கடியில் போய்விடும். நான் உள்ளே நுழைந்து, வெங்காயம் வதங்கும் வாசம் மூக்கைத் துளைக்க, "இங்க யாரும் சமைக்கலியே?" என்று கேட்பேன். "இல்ல அண்ணாச்சி" என்பார்கள். எனக்கு எப்படிப் பயப்படுகிறார்கள் பார் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரும்புவேன். அவர்கள் எனக்காகச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்கள் என்பது வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

அப்போதெல்லாம் வெள்ளிக்கிழமை விடுமுறை. கம்பெனியிடம் அனுமதி வாங்கி, டிவி ரூமில் காலையில் ஒரு சின்ன ஜெபக்கூட்டம் நடத்தினேன். கடற்கரைப் பிள்ளைகள் வருவார்கள். வேதக் கதை சொல்லிவிட்டு டீயும் பருப்பு வடையும் கொடுப்பேன். வடைக்காக வந்தவர்களும் உண்டு. முதுகுளத்தூர்ப் பக்கத்து முருகேசன் முதலில் அப்படித்தான் வந்தான். பிறகு கதைக்காகவும் வர ஆரம்பித்தான். கோயில் எதுவாக இருந்தால் என்ன, கதை நன்றாக இருக்கிறது என்று என்னிடமே சொன்னான். அன்றைக்கு எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அந்தக் கூட்டத்துக்கு நான் வைத்த பெயர் அதுல்லாம் குகை. சவுல் ராஜா கொல்லத் தேடியபோது தாவீது ஓடி ஒளிந்த இடம் அது. நாட்டில் நொந்துபோனவன், கடனில் மூழ்கியவன், மனக்குறை உள்ளவன் என்று எல்லாரும் அவனைத் தேடி அங்கே போய்ச் சேர்ந்தார்கள். அவன் அவர்களுக்குத் தலைவன் ஆனான். எங்கள் கேம்ப்பில் இந்த மூன்று வகையும் நிறைய உண்டு. தலைவன் யார் என்று நான் வாயால் சொன்னதில்லை. ஆனால் அந்த இடம் வரும்போது மீசையைத் தடவிக்கொள்வேன். பெயரை ஒரு தாளில் கொட்டை எழுத்தில் எழுதி டிவி ரூம் கதவில் ஒட்டினேன். மேலதிகாரிகளும் படித்து மெச்சட்டும் என்று கீழே ஆங்கிலத்திலும் எழுதினேன்.

அந்தக் குகையை நேரில் பார்த்தவன் என்ற கித்தாப்பும் எனக்கு இருந்தது. பரிசுத்த பூமிக்கு டூர் போனபோது பெத்லகேமுக்குக் கிழக்கே பாலைவனத்தைக் காட்டி வழிகாட்டி ஏதோ சொன்னார். பஸ் ஜன்னலில் நான் பார்த்தது ஒரு ஓட்டை. அதை வைத்து ஒரு வருடம் பிரசங்கம் பண்ணினேன். எங்கள் ஸ்டோர்கீப்பர் யாழ்ப்பாணத்துக்காரர், என் வயது, என்னைவிடப் பிடிவாதம் அதிகம். ஒரு வெள்ளிக்கிழமை எல்லார் முன்னாலும் போனில் வரைபடத்தை விரித்துவிட்டார்.

"அண்ணை, நீங்கள் கண்டது பழைய காலத்துத் துறவிகள் சொன்ன குகை. அதுல்லாம் மேற்குப் பக்கம், பதிஞ்ச மலையளுக்கை. கோலியாத்தை அடிச்ச பள்ளத்தாக்குக்குக் கிட்ட. ஒரு பக்கம் சவுலின்ரை நாடு, மற்றப் பக்கம் பெலிஸ்தர். ரெண்டுக்கும் நடுவிலை."

படித்தவர்களில் பெரும்பாலோர் இப்போது அந்த இடத்தைத்தான் சொல்கிறார்களாம். நான் ஒப்புக்கொள்ளவில்லை. வீரன் ஒளிவதற்குப் பாலைவனம்தான் லட்சணம், இரண்டு எதிரிக்கும் நடுவில் போய் எவன் உட்காருவான் என்று கேட்டேன். என் பக்கம் கைதட்டல் அதிகம். வடையும் என் பக்கம்தானே இருந்தது.

இனி மீன் விஷயத்துக்கு வருகிறேன். மெஸ் காண்ட்ராக்ட் கைமாறி, புதிய ஆள் வந்ததிலிருந்து மீன் மறைந்து போயிற்று. மதியம் கோழி, இரவு கோழி. எங்கள் பிள்ளைகள் மீன்பிடிக் குடும்பத்துக்காரர்கள். மேல்மாடியிலிருந்து பார்த்தால் கடல் தெரியும், ஆனால் நடுவில் துறைமுக வேலி. அதைத் தாண்டிக் கால்கூட நனைக்க முடியாது. ஒரு நாள் மதியம் ஒரு வரிசை முழுக்கத் தட்டைத் தொடாமல் எழுந்து போய்விட்டது. இந்த ஊரில் கூட்டமாக எதை மறுத்தாலும் அது பெரிய விவகாரம். ப்ராஜெக்ட் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, என்ன நடக்கிறது என்று கவனிக்கச் சொன்னார். கவனிக்கிறேன் சார் என்றேன். நான் கவனித்த லட்சணத்தைத்தான் சொல்லப் போகிறேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை நான் எடுத்த கதை, அதே குகையில் தாவீது தாகத்தில் பெருமூச்சு விட்ட கதை. தன் ஊரான பெத்லகேமின் வாசல் கிணற்றுத் தண்ணீரை யார் எனக்குக் கொண்டுவந்து தருவார் என்று ஏங்கினான். ஊர் அப்போது எதிரி கையில். அவனுடைய ஆட்களில் மூன்று பேர் எதிரிப் பாளையத்துக்குள் புகுந்து தண்ணீர் மொண்டு வந்தார்கள். அவனோ, இது தண்ணீர் இல்லை, உயிரைப் பணயம் வைத்த மனிதர்களின் ரத்தம் என்று சொல்லி, குடிக்காமல் கடவுளுக்கென்று தரையில் ஊற்றிவிட்டான். நான்கைந்து பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அந்த ஈரம் காய்வதற்குள் டீ வந்தது. நான் வடையைப் பிய்த்துக்கொண்டே பெருமூச்சு விட்டேன்.

"என்ன வடை போ. கடல்ல இருந்து நேரா சட்டிக்கு வந்த விளமீனு, அதுல புளி ஊத்தி ஒரு குழம்பு. அதத் தின்னா போதும், அப்புறம் ஊருக்கே போயிரலாம்."

இதைச் சொன்னவன் வேறு யாராவது என்றால் காற்றோடு போயிருக்கும். சொன்னவன் சாவிக்கொத்து வைத்திருக்கிறவன். தம்பிமாரே, நீங்கள் போடும் ஆர்டரை ஆட்கள் பாதி மறந்துவிடுவார்கள். நீங்கள் விடும் பெருமூச்சை ஒருவனும் மறக்க மாட்டான்.

மறு வெள்ளி ஜெபம் முடிந்து ஆபீஸில் உட்கார்ந்திருந்தேன். ஜெரால்டு வந்தான். என் பக்கத்து ஊர்ப் பையன், கட்டடத்துக்குச் சாரம் கட்டும் வேலை. அவன் மனைவி நர்ஸ். கல்யாணமாகி வெவ்வேறு நாடுகளில் கிடந்துவிட்டு, அப்போதுதான் அவளுக்கு ஷார்ஜாவில் வேலை கிடைத்திருந்தது. வாரம் ஒரு தடவை பஸ் மாறிப் போய் அவளைப் பார்த்து வருவான். அன்றைக்கு அவன் ஷார்ஜாவுக்குப் போகாமல் கையில் மூடிய சட்டியோடு நின்றான். பின்னால் அவன் ரூம்காரர்கள் சூசையும் முருகேசனும். மூடியைத் திறந்ததும் எனக்கு எங்கள் ஊர் வாசலில் நிற்பதுபோல் இருந்தது. விளமீன் குழம்பு. தலை தனியாக மிதந்தது.

எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டேன். கடலில் என்றான் ஜெரால்டு. நல்ல நகைச்சுவை என்று நான் விழுந்து விழுந்து சிரித்தேன். எந்த அடுப்பில் சமைத்தது என்று கேட்கவில்லை. சட்டியை வழித்துத் தின்றேன். அதோடு நிறுத்தியிருந்தாலாவது பரவாயில்லை. விரலை நக்கிக்கொண்டே, "நாளைக்கும் கெடைக்குமால?" என்று கேட்டேன்.

சாயங்காலம் மேனேஜர் கூப்பிட்டார். பிரிட்டிஷ்காரர், கோபத்திலும் குரல் உயராது. விடுமுறை நாளில் வீட்டிலிருந்து அரைக்கால் சட்டையோடு வந்திருந்தார். துறைமுக வேலிக்குள்ளே, அலைதடுப்புக் கற்கள் மேல் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த நம் ஆட்கள் மூன்று பேரைக் காவலர்கள் பிடித்து வைத்திருக்கிறார்கள். மக்ரிப் என்கிற அந்தித் தொழுகை முடியும்வரை வைத்திருப்பார்கள். அதற்குள் தக்க ஆள் வந்து பொறுப்பேற்காவிட்டால் போலீஸில் ஒப்படைத்துவிடுவார்கள். போலீஸுக்குப் போனால் விசா ரத்து, ஊர். மறுபடி இந்த நாட்டுக்குள் வரவே முடியாமல் போகலாம். எனக்கு ஷார்ஜா நர்ஸின் முகம் ஞாபகம் வந்தது. அப்போதும் என் விரலில் விளமீன் வாசம் போகவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

மேனேஜர் தன் போனில் ஒரு படத்தைக் காட்டினார். டிவி ரூம் கதவில் நான் ஒட்டிய தாள். மெச்சுவதற்காக ஆங்கிலத்தில் எழுதினேனே, அது.

இந்தப் பெயருக்கு எங்கள் நாட்டில் என்ன அர்த்தம் தெரியுமா என்று கேட்டார். வெகுகாலம் முன்பு அவர்கள் பார்லிமெண்டில், இன்னும் கொஞ்சம் பேருக்கு ஓட்டுரிமை கொடுக்க ஆளும் கட்சித் தலைமை ஒரு மசோதா கொண்டுவந்ததாம். சொந்தக் கட்சிக்காரர்களிலேயே சிலர் பிடிக்காமல் ஒதுங்கி நின்றார்கள். மனக்குறைக்காரர்கள் எல்லாம் அதுல்லாம் குகைக்குள் போய்விட்டார்கள் என்று அதே கட்சிக்காரர் ஒருவர் கேலி செய்தார். ஒதுங்கியவர்கள் எதிர்க்கட்சியோடு சேர்ந்து ஓட்டுப் போட, அரசாங்கமே கவிழ்ந்தது. அதிலிருந்து கட்சிக்குள் தலைமைக்கு எதிராகக் கூடும் கும்பலுக்கு அங்கே குகை என்றே பெயர்.

இதை முதலில் பார்த்தபோது அவர் சிரித்தாராம். பிறகு மெஸ்ஸில் தட்டுகள் திரும்பின. இப்போது மூன்று பேர் வேலிக்குள். இனிமேல் சிரிக்க முடியாது என்றார். வேதத்தில் நல்ல பேர் வாங்கிய குகை லண்டனுக்குப் போய் இப்படிக் கெட்டுப்போயிருக்கும் என்று நான் கண்டேனா?

"இந்தக் குகைக்குத் தலைவன் யார்?" என்று கேட்டார்.

ஒரு வருடமாக இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று ஏங்கியவன் நான். கேட்டபோது மீசைக்குக் கை போகவில்லை. எனக்குத் தெரியாது என்று சொல்லலாம் என்று முதலில் தோன்றியது. மெஸ் காண்ட்ராக்டர் மேல் பழியைப் போடலாம். வரைபடம் காட்டிய ஸ்டோர்கீப்பரைக்கூட ஒரு கணம் நினைத்துப் பார்த்தேன், அவ்வளவு உத்தமன். அந்த மேஜைக்கு முன்னால் நின்றபோதுதான் உறைத்தது, எனக்குச் சம்பளம் கொடுப்பது சவுல். சவுலின் சம்பளத்தில் இருந்துகொண்டு வெள்ளிக்கிழமை மட்டும் தாவீது வேஷம் போட்டிருக்கிறேன். இந்தப் பக்கம் ஒரு ராஜா, அந்தப் பக்கம் வேலிக்குள் மூன்று பேர், நடுவில் நான். ஸ்டோர்கீப்பர் காட்டிய இடம் சரியாகத்தான் இருந்தது.

"நான்தான் சார்" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். என் வாழ்க்கையிலேயே துணிந்து சொன்ன ஒரு வார்த்தையை ஒருவர் நம்பவில்லை. நீங்களா, உங்களைக் கண்டால் ஆட்கள் எழுந்து நிற்பதில்லை என்று என்னிடம் புகார் சொல்ல வருகிறவர் அல்லவா நீங்கள் என்றார். எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தில்தான் உண்மை முழுதும் வெளியே வந்தது. தாவீதின் தண்ணீர், என் பெருமூச்சு, சட்டி, தலை, நாளைக்கும் கிடைக்குமா என்று கேட்டது, எல்லாம்.

அவர் போனை மேஜை மேல் கவிழ்த்து வைத்தார்.

"தாவீது குடிக்காமல் ஊற்றிவிட்டார். நீங்கள்?"

"சாப்பிட்டேன் சார்."

"மிச்சம்?"

"மிச்சம் இல்லை சார்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. திரும்பியபோது முகம் பழையபடி இருந்தது. இது குகை என்றால் மூன்று பேரையும் நாளைக்கே ஊருக்கு அனுப்பியிருப்பேன், வெறும் குழம்பு என்றால் நீங்கள் போய்க் கூட்டி வாருங்கள் என்றார். ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொன்னார்: கம்பெனி பெயரில் அல்ல, உங்கள் பெயரில்.

ஸ்டோர்கீப்பர்தான் பிக்கப்பை ஓட்டினார். குகையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் பெருந்தன்மைக்கு இன்றுவரை அவருக்கு நன்றி.

துறைமுக வாசலுக்குப் போகும்போது பாங்கு சொல்லி முடிந்திருந்தது. காவல் சூப்பர்வைசர் ஒரு பட்டாணியர். தொழுதுவிட்டு வந்து, இவர்களை யார் அனுப்பியது என்று இந்தியில் கேட்டார். நான்தான் அனுப்பினேன் பாய் என்றேன். எதற்கு என்றார். மீனுக்கு என்றேன். என் தொப்பையை ஒரு தரம் பார்த்தார்; இந்தப் பதிலுக்கு வேறு சாட்சி வேண்டாம் என்று தோன்றியிருக்க வேண்டும். துறைமுகத்துக்குள் போய்வர என் கழுத்தில் தொங்கிய அனுமதி அட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டு, "கலாஸ், யல்லா", முடிந்தது, கிளம்புங்கள் என்று கையை வீசினார்.

பிறகு நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்த அட்டை திரும்பி வரவில்லை. எல்லா கேம்ப்புக்கும் மேலே ஒரு பதவி எனக்கு வருவதாக இருந்தது; அதற்குத் துறைமுகத்துக்குள் அடிக்கடி போய்வர வேண்டும், போக முடியாதவனுக்கு அது எப்படி வரும். கேம்ப் பாஸாகவே ஓய்வு பெற்றேன். கதவுத் தாள் அன்றைக்கே கிழிந்தது. மெஸ்ஸில் வாரம் ஒரு நாள் மீன் வந்தது, ஐஸ் மீன்தான். ஜெரால்டும் மனைவியும் இப்போது ஒரே வீட்டில் இருக்கிறார்கள்.

அன்றைக்கு அந்த வாசலில் அவர்கள் மூன்று பேரும் நடைபாதை ஓரத்தில் குந்தியிருந்தார்கள். நடுவில் ஒரு பெயிண்ட் வாளி, அதில் மீன்கள். எனக்கு நிம்மதியும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது.

"எதுக்குல போனீய? தெரியாதால, வேலின்னு?"

ஜெரால்டு தலையைத் தூக்கவில்லை. "நாளைக்கும் கெடைக்குமான்னு கேட்டீயள்ளா அண்ணாச்சி. நாளைக்கு டூட்டி. அதான் இன்னைக்கே." பிறகு மெதுவாக, "ஷார்ஜாவுல சொல்லிராதீய" என்றான்.

எனக்கு அழுகை வந்தது. அழுகையோடு சேர்ந்து, கடைசியாக ஒரு தடவை, பழைய வியாதியும் வந்தது. தாவீது செய்ததை நானும் செய்துவிட வேண்டும் என்று தோன்றியது. வாளியைத் தூக்கினேன். "இது மீன் இல்லல, ஒங்க ரத்தம். இத நான் திங்க மாட்டேன்" என்று சொல்லி, எல்லாவற்றையும் ரோட்டோர மணலில் கவிழ்த்தேன். ஸ்டோர்கீப்பர் வண்டியிலிருந்து பார்க்கிறார் என்பதும் எனக்குத் தெரியும்.

யாரும் கண்ணைத் துடைக்கவில்லை. முருகேசன் மட்டும் எழுந்து வந்தான். வானம் பார்த்த பூமிக்காரன், அதற்குமுன் தூண்டிலைத் தொட்டதில்லை. கதையில் வந்த மூன்று பேரில் ஒருவனாக இருக்க ஆசைப்பட்டு அவர்களோடு போனவன். மணலில் முழங்காலிட்டு, கிடந்ததிலேயே சின்ன மீன் ஒன்றைத் தேடி எடுத்தான். சட்டை நுனியால் அதன் கண்ணில் இருந்த மணலைத் துடைத்தான்.

"இது நான் புடிச்சது அண்ணாச்சி" என்றான். "மொத மீனு."

தாவீது ஊற்றிய தண்ணீர் மண்ணில் இறங்கியதைப் பார்த்துக்கொண்டு நின்ற அந்த மூன்று பேரின் முகம் எப்படி இருந்தது என்று வேதத்தில் எழுதியிருக்கவில்லை. ஒரு வருடம் பிரசங்கம் பண்ணிய எனக்கும் அதைக் கேட்கத் தோன்றியதில்லை. நானும் முழங்காலிட்டு மிச்ச மீன்களைப் பொறுக்கினேன். என் உடம்புக்குக் குனிந்து நிமிர்வது லேசான காரியம் இல்லை.

கேம்ப்புக்கு வந்ததும் அவர்கள் ரூமுக்கே போனேன். அடுப்பு எங்கே என்று கேட்டேன். மூன்று பேரும் விழித்தார்கள். கட்டிலுக்கடியில் கையை விட்டு நானே இழுத்து எடுத்தேன். ஸ்டோர்கீப்பர் மீனை நாலு தண்ணீர் கழுவினார், நான் புளி கரைத்தேன். அவர்களை உட்கார வைத்துப் பரிமாறினேன். முருகேசன் தன் மீனில் பாதியைப் பிட்டு என் தட்டில் வைத்தான். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை, சாப்பிட்டேன்.

குழம்பில் மணல் கடித்தது. ஒருவரும் அதைச் சொல்லவில்லை.